ஒப்பாரிக் குச்சி

கன்னியப்பன் வீட்டிலிருந்து எழுந்த அழுகை உத்திரமேரூரைத் தாண்டி மாகறல் வரைக்கும் போய், அங்கே இரண்டு எருமைகளைக் கண்ணீர் விட வைத்தது. அடுத்த தெரு வேதகிரி, ரோஜா மாலையோடு பதறி ஓடி வந்தார். கதவைத் திறந்தது கன்னியப்பனேதான்.

"நீ நல்லாத்தான் கீறியா? அப்ப உள்ள யார்பா?"

"யாரும் இல்ல. ஜாய்ஸ்டிக் டெஸ்டிங்."

கூடம் முழுக்க ஒயர். மோட்டார் காயில் கட்டும் கன்னியப்பன், சென்னையில் மூடிப்போன ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவிலிருந்து மாடுலர் சிந்தசைசர் ஒன்றைத் தூக்கி வந்திருந்தார். பெட்டி பெட்டியாக ஒயரால் கோத்தால் பாடும் இசைக்கருவி. அதை ஆட்டி வைக்கத்தான், வீடியோ கேம் கைப்பிடி மாதிரி இந்தக் குச்சி. மேலே தள்ளினால் குரல் ஏறும், பக்கவாட்டில் சாய்த்தால் நடுங்கும்.

மாலையைப் பூக்கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிய வேதகிரியைக் கன்னியப்பன் விடவில்லை. பெட்டி மேலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

எல்லாம் மனைவி செல்லம்மாளுக்காக. பத்து ஊர்ச் சாவுக்கும் அவள்தான் ஒப்பாரி. அவள் வாயைத் திறந்தால் ஜென்மப் பகையாளிகூடப் பாடையைக் கட்டிக்கொண்டு அழுவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டை ஆபரேஷனில் குரல் போயிற்று. போன வருஷம் பெற்ற தாய் செத்தபோது ஓர் அடி பாட முடியாமல், காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதைக் கன்னியப்பனால் மறக்க முடியவில்லை.

முதல் குச்சி சரிப்படவில்லை. கையை எடுத்ததும் ஸ்பிரிங் இழுத்து, அழுகை பஸ் ஹாரன் மாதிரி பட்டென்று நின்றது. ஒப்பாரி அப்படியா நிற்கும்? அடங்கி அடங்கித்தானே ஓயும்? ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டினார். பார்ட்ஸ் வாங்குவதாகச் சொல்லி வியாழன்தோறும் செங்கல்பட்டு போனார். பை நிறைய மாத்திரை அட்டைகளோடு திரும்பினார். எப்படியும் ஆடிக்குள் முடித்தாக வேண்டும் என்று ராப்பகலாக உட்கார்ந்தார்.

அன்று வேதகிரி போனதும் தோட்டத்திலிருந்த செல்லம்மாளைக் கூப்பிட்டு, அவள் கையைக் குச்சியில் வைத்தார். அவள் தயங்கித் தயங்கித் தள்ளினாள். அவளுடைய அதே குரல் விம்மி ஏறி, குழைந்து, மெல்ல அடங்கியது. செல்லம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து சிலேட்டை எடுத்தாள். இந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் சிரிக்கும், இனி எந்தச் சாவு வீட்டில் தன்னைக் கூப்பிடப் போகிறார்கள் என்று எழுதிக் காட்டினாள்.

கன்னியப்பன் பெட்டி மேலிருந்த மாலைக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

"நீ எங்கியும் தூக்கிக்கினு போவ வேணாம் செல்லா. நம்ம வூட்டுக்குத்தான்."