வெள்ளைமேல் வெள்ளை

களிம்பு ஒட்டவில்லை.

விரல் போன இடமெல்லாம் திரிதிரியாக உருண்டு வந்தது.

அவர் கையை எடுத்தார்.

அவள் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தாள். வாதத்தில் வலப்பக்கம் விழுந்து மூன்று மாதம். பேச்சும் அன்றோடு சரி. இடது கை மட்டும் அவளுடையதாக இருந்தது. அது இப்போது தலையணைக்கு அடியில் இருந்தது.

முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருமை.

இரண்டு வாரமாகக் களிம்பு போடுகிறார். கருமை போகவில்லை.

நர்ஸ் ஞானசெல்வி வியாழக்கிழமைகளில் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

இன்று வியாழன். போன வாரமே ஞானசெல்வி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“தோலு விட்டுச்சின்னா வீட்டுல வச்சிப் பாக்க முடியாது அண்ணாச்சி. பெரியாஸ்பத்திரிதான்.”

பெரியாஸ்பத்திரி என்றால் பெண்கள் வார்டு. உள்ளே துணைக்குப் பெண்தான் இருக்கலாம். முதல் தடவை அவளுடைய தங்கை இருந்தாள். அவர் பதினோரு நாள் வாசல் கம்பிக்கு வெளியே நின்றார்.

தங்கை இனி வர முடியாது.

அவர்களுக்கு மகள் இல்லை.

அவர் மறுபடி தொட்டார். களிம்புக்கு அடியில் ஏதோ நறநறத்தது.

இந்த நறநறப்பு அவருக்குத் தெரியும். நாற்பது வருடம் ஊரார் வீட்டுச் சுவர்களைக் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் பிரஷ்ஷை எடுத்திருக்கிறார். சுவரில் தூசு இருந்தால் பெயிண்ட் நிற்காது. முதல் ஈரத்துக்கே உரிந்துவிடும்.

முதல் நாள் ஞானசெல்வி ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்துகளைப் படித்துச் சொன்னார்.

வாசலின். அது ஈரத்தை உள்ளே விடாது. தேன்மெழுகு. அது களிம்பை நழுவாமல் பிடித்துக்கொள்ளும். ஜிங்க். அதுதான் அந்த வெள்ளை. எரிச்சலை அடக்கும், மூத்திரம் தோலில் படாமல் மறிக்கும்.

“ஜிங்க் வெள்ளையா? நாங்க கதவுக்கு அடிப்போம், சிஸ்டர்.”

“அதேதான் அண்ணாச்சி. இது கொஞ்சம் சுத்தமானது. பொறவு ஆட்டு ரோமத்துல உள்ள கொழுப்பு.”

“ஆடு மழையில நனையாம நிக்கது இதுலதானா?”

“ஆமா. இனி அக்காவும் நனைய மாட்டாவ.”

அவளுக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

கிளம்பும்போது ஞானசெல்வி வாசலில் நின்று சொன்னார்.

“பவுடர் மட்டும் ஆகாது. ஈரம் பட்டா கட்டி புடிச்சு தோல அறுத்துரும்.”

அவர் தலையாட்டினார். அவர் எங்கே பவுடர் போடப் போகிறார்?

ஜன்னல் விளிம்பைப் பார்த்தார். சீப்பு இருந்தது. பொட்டு அட்டை இருந்தது. பவுடர் டப்பா இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும்.

தலையணையைத் தூக்கினார்.

அவள் விரல்கள் டப்பாவை இறுக்கிக்கொண்டன.

அவர் களிம்பு எடுக்கப் போகும் நேரத்தில், இருக்கிற ஒரு கையைப் பின்னால் வளைத்து, எட்டிய மட்டும் தூவியிருக்கிறாள். தினமும்.

வெள்ளைமேல் வெள்ளை. அவருக்குத் தெரியவில்லை.

“ஏளா, என்ன காரியம் பண்ணுத?”

குரல் உயர்ந்துவிட்டது. அவள் தோள் சுருங்கியது. முகத்தைத் தலையணைக்குள் புதைத்தாள்.

பிறகு மெதுவாக டப்பாவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து காட்டினாள். அந்தக் கையாலேயே அறைவாசலைக் காட்டினாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

வாசலுக்கு அப்பால், முன்கூடத்தில், அவருடைய பாய் சுருட்டிச் சாத்தியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அங்கே கொண்டுபோனது. அவர் குறட்டை அவளை எழுப்பும் என்று. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

வெதுவெதுப்பாகத் தண்ணீர் எடுத்து வந்தார்.

சுவராக இருந்தால் சுரண்டிவிடலாம். இதைத் தேய்க்கக் கூடாது. பஞ்சை நனைத்து ஒற்றினார். ஒற்றி எடுத்தார். இன்னொரு பஞ்சு. இன்னொன்று. மடிப்புகளில் பவுடர் சுண்ணாம்பாக இறுகியிருந்தது. நனைத்து, ஊறவிட்டு, ஒற்றினார்.

உலர்ந்த துணியை வைத்து ஈரத்தை வாங்கினார்.

“நம்ம நெறத்துக்குச் செவப்பு தெரியாது. தொட்டுத்தான் பாக்கணும்” என்று ஞானசெல்வி சொல்லிக் கொடுத்திருந்தார்.

புறங்கையை வைத்தார். மற்ற இடத்தைவிடச் சூடு. கல்போல ஆகவில்லை. ஓரம் முழுக்க விரலால் பார்த்தார்.

தோல் விடவில்லை.

இன்னும் விடவில்லை.

களிம்பை மெல்லிசாக இழுத்தார். இந்த முறை அது நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போனார். பாயை எடுத்து வந்தார். கட்டிலை ஒட்டி விரிக்கக் குனிந்தவர், தரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார்.

பாயைச் சுவரில் சாத்தினார்.

கட்டில் விளிம்பில் இருந்த ஒரு சாண் இடத்தில் ஒருக்களித்துப் படுத்தார். மூக்கு அவள் பிடரியில் பட்டது. மூச்சை நன்றாக இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தெருமுனையில் ஞானசெல்வியின் ஸ்கூட்டர் திரும்பும் சத்தம்.

அவர் எழுந்திருக்கவில்லை.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஏதோ விழுந்து, உருண்டு, நின்றது.