சசிகலா ஜெயிச்ச பிரிட்ஜு

மானத்த வித்து பிரிட்ஜு வாங்குனவ எங்க ஊர்ல சசிகலா ஒருத்திதான்.

டிவியில ஒரு போட்டி. கேக்குற கேள்விக்கு மறைக்காம உண்மையச் சொன்னா பரிசு. அதுல இவளை உக்கார வெச்சு, "உங்க கணவர் உங்கள அடிச்சிருக்காரா?"ன்னு ஒருத்தி சிரிச்சுக்கிட்டே கேட்டா.

"வாரத்துக்கு நாலு நாளுங்க"ன்னுட்டா இவ.

கை தட்டுறாங்க, விளம்பரம் போடுறாங்க, பிரிட்ஜுங்கறாங்க. ஏற்காட்டுக் குளிர்ல பிரிட்ஜு எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல.

அன்னையிலிருந்து ஒண்டிக்கடை பஜார்ப் பக்கம் எங்களால தலை காட்ட முடியல. "ஏனுங்க, உங்கூர்ல நாலு நாளா, அஞ்சு நாளா?"ன்னு டீக்கடையில கேக்குறானுங்க. கருமம்.

ஞாயித்துக்கிழமை கோயில் முன்னால ஊர்க்கூட்டம் போட்டோம். அவ மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா ஊரை விட்டுத் தள்ளி வெச்சுரணும், பச்சத் தண்ணி கூட ஒருத்தரும் குடுக்கக் கூடாது.

சசிகலா அந்தாண்ட மரத்தடியில நின்னா. எங்க கூட்டத்துக்குள்ள பொம்பளைங்க வர்றதுமில்ல, பேசறதுமில்ல. அவங்க சொல்ல வேண்டியத ஊட்டு ஆம்பளதான் சொல்லணும். அதுதான் முறை. அவளுக்காகப் பேச அவ புருசன் சின்னராஜ், துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு முன்னால வந்தான்.

ஊர்த்தலைவர் பெரியண்ணன் ஆரம்பிச்சாரு. "ஏம்பா, உன்ற ஊட்டுக்காரி டிவியில போயி எதுக்கு அப்படிச் சொன்னா?"

"புத்தி கெட்டுப் போயிச் சொல்லிட்டாளுங்க."

"நீ அடிச்சது நெசமா?"

"அப்படி ஏதும் நடக்கலைன்னு சொல்றாளுங்க."

"மன்னிப்புக் கேக்குறாளா?"

"கேக்குறாளுங்க."

அப்புறமென்ன, முடிஞ்சுது. பெரியண்ணன் எந்திரிக்கப் போனாரு.

"நான் கேக்கலீங்க."

சசிகலாதான். விறுவிறுன்னு கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னுட்டா.

"ஏ புள்ள, முறை தெரியாதா உனக்கு? வெளிய போ"ன்னு நான்தான் அதட்டுனேன்.

"தெரியுமுங்க. அடி தாங்க மாட்டாம இதே கூட்டத்துக்கு மூணு தடவை வந்திருக்கறனுங்க. மூணு தடவையும் எனக்காகப் பேசுனது இவருதானுங்க. மிளகு பறிக்கயில ஏணியிலிருந்து உழுந்துட்டேன்னு சொன்னாரு. நீங்களும் 'பாத்து ஏறச் சொல்லுப்பா'ன்னு அனுப்பி வெச்சீங்க."

சின்னராஜ் கீழே பாத்தான்.

பெரியண்ணனுக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அதுக்காக டிவிக்காரங்கிட்டயா போவ? அவங்க என்ன நொம்ப யோக்கியமா?"

"இல்லீங்க. நான் அழுவறது பத்தலைன்னு, அதையே மறுக்கா ரெண்டு தடவை சொல்ல வெச்சாங்க. என்ற பொழப்ப வித்துத்தான் அவங்க சம்பாரிக்கறாங்க."

கண்ணத் தொடைச்சுக்கிட்டா.

"ஆனா அங்க மைக்கை என்ற கையில குடுத்தாங்க. இவரு கையில குடுக்கலீங்க."