திங்கட்கிழமைப் பழுது

"மூணாவது திங்கள் இது. ஜீப்புல ஃபோர் வீல் டிரைவ் பழுதுன்னு திரும்பவும் விளக்கு எரியுது. அது இல்லாம அவ எப்படி மலை ஏறுவா?" என்றார் கணவர், மெக்கானிக்கிடம்.

மனைவி மலை மேலிருக்கும் மருத்துவமனையில் நர்ஸ். திங்கள்தோறும் தானே ஜீப்பை ஓட்டிப் போவாள். போன மாதம் மழையில் வண்டி சறுக்கியபோதுகூட, "ஒண்ணும் ஆகல" என்றுதான் சொன்னாள்.

மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பிறகு வண்டிக்கு அடியில் புகுந்து வந்தார்.

"ஒயர் அறுந்து போகல சார். யாரோ லாக்கை அமுக்கி, ஃபோர் வீல் டிரைவ் மோட்டாரோட பிளக்கைக் கழட்டியிருக்காங்க. போன ரெண்டு தடவையும் குலுங்கிக் கழண்டிருக்கும்னு மாட்டி அனுப்பிட்டேன். அவங்க போறது வீட்ல யாருக்காவது பிடிக்கலையா?"

"வீட்ல நாங்க ரெண்டு பேர்தான்."

மெக்கானிக் அவரையே பார்த்தார். பிறகு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். கறுப்பு பிளக்கில் வெள்ளையாக விரல் தடம். கணவர் தொட்டுப் பார்த்தார். கையுறைப் பவுடர். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் விரலிடுக்கில் பார்ப்பது.

போன் அடித்தது. அவள்தான்.

"வண்டி ரெடியா?"

"இல்லம்மா. பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் பஸ்ல போவோம், நானும் துணைக்கு வரேன்."

மறுமுனையில் "அப்பாடா" என்று கேட்டது. அவசரமாக அது "அடடா" என்று மாறியது.