இருட்டறையில் ஒரு நிமிஷம்

"ஏய் ஆர்டித்! அறுபது மைல் காரை ஓட்டிட்டு வந்தது இந்தப் பாழாப்போன மண்சுவரைப் பாக்கவா? உன் மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

டெல்பர்ட் போட்ட சத்தம் டன்லீவி கோட்டை முழுக்கக் கேட்டது. சுற்றுலா வந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆர்டித் முன்னால் நடந்தாள். கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷம். மிச்சக் காலமும் இப்படித்தானா என்று நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

பழைய காலத்துச் சிப்பாய் மாதிரி நீலச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக நின்றிருந்த வழிகாட்டி வெர்ன், காவல் அறையின் இரும்புக் கதவைத் திறந்தார்.

"பட்டாளத்தை விட்டு ஓடிப்போறவங்களை இதுலதான் அடைப்பாங்க. ஜன்னலே கிடையாது. ஒரு பனிக்காலத்துல ஒருத்தனை உள்ள தள்ளிப் பூட்டினாங்க. காலைல திறந்தா ஆளைக் காணோம்! பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. யாராவது ஒரு நிமிஷம் உள்ள இருந்து பாக்கறீங்களா?"

"உங்களுக்குப் பயமா இருந்தா வேணாங்க," என்றாள் ஆர்டித், புருஷனைப் பார்த்து.

"பயமா? எனக்கா? நீ வாயை மூடிக்கிட்டு நில்லு."

டெல்பர்ட் விறுவிறுவென்று உள்ளே போனார். வெர்ன் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து டெல்பர்ட்டின் வசவு கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று பாதி வார்த்தையில் நின்றுபோனது.

வெர்ன் கதவைத் திறந்தார். டெல்பர்ட் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். அதே முகம், அதே தொந்தி, அதே சிவப்புச் சட்டை. தன் சுருங்கிய கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், உள்ள ஜில்லுனு இருந்துச்சா?"

டெல்பர்ட் ஆர்டித்தைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"அம்மா... பனி நின்னுடுச்சுங்களா?"

வெர்ன் கைதட்டினார். "அடேயப்பா! சார் என்னமா நடிக்கறாரு! எங்ககூட வேலைக்கு வந்துடுங்க!"

ஆர்டித் டெல்பர்ட்டின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். கார் அருகே வந்ததும் அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"குதிரை எங்கேம்மா?"

"இதுக்குக் குதிரை வேணாம். சீக்கிரம் ஏறுங்க."

"முதல்ல நீங்க ஏறுங்கம்மா."

நாற்பத்தொரு வருஷத்தில் முதல் 'நீங்க'. ஆர்டித்துக்குக் கண் கலங்கியது. வண்டியைக் கிளப்பினாள்.

பின்னால் காவல் அறைப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு குரல். "ஏய்... ஆர்டித்... கதவைத் திற..."

அவர் நடுங்கிப்போய்த் திரும்பினார். "யாரோ கூப்பிடறாங்களேம்மா?"

ஆர்டித் நிதானமாகக் கண்ணாடியை ஏற்றினாள்.

"அது வெறும் காத்துங்க. போன மாசம் நான் தனியா வந்திருந்தப்போ, 'எனக்குப் பதிலா ஒருத்தரை மனசார அனுப்பி வைங்கம்மா'ன்னு நீங்க உள்ளேருந்து அழுதீங்களே, அதைக்கூட முதல்ல காத்துன்னுதான் நினைச்சேன்."