இருபது நிமிட அமைதி

புயலின் கண் கடக்கும் நேரத்தில் முகாமின் கதவைத் திறந்துவிடுவது இப்போதெல்லாம் வழக்கம். வீட்டுக்கு ஒருவர் போய், விட்டு வந்ததை எடுத்து வரலாம். மாதம் ஒரு புயல் என்றான பிறகு எல்லாருக்கும் பழகிவிட்டது.

காற்று சட்டென்று நின்றது. முகாம் அலுவலர் தணிகாசலம் ரேடார் திரையைப் பார்த்து அறிவித்தார்: "இருபது நிமிஷம். அப்புறம் தெக்கேருந்து அடிக்கும். அதுக்குள்ள வந்துருங்க."

கூட்டம் ஓடியது. அஞ்சம்மாள் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"நீங்க போகலையாக்கா?" என்று கேட்டார் தணிகாசலம்.

"போன மாசமும் இருபதுன்னுதான் சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரு ஆட்டை அவுத்து விட்டுட்டு வரேன்னு போனாரு."

அன்று பதினான்காவது நிமிடத்திலேயே காற்று திரும்பிவிட்டது. கதவை அடைத்தவர் தணிகாசலம்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வானம் நீலமாக இருந்தது. ஒருத்தி கோழியோடு வந்தாள். ஒருவர் தையல் மெஷினைத் தூக்கி வந்தார். கடைசி ஆள் நுழைந்து கொஞ்ச நேரத்தில் தென்னைகள் மறுபக்கம் சாய்ந்தன. தணிகாசலம் கதவை இழுத்து அடைத்தார்.

அஞ்சம்மாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"இன்னைக்குச் சரியா இருக்கு தம்பி," என்றாள். "இருபது நிமிஷம்."