மறுபடி விழுமா?

கல்லூரியில் இயற்பியல் கற்பித்துவந்த மங்கையர்க்கரசி, இணையத்தில் ஓர் அறிவியல் குழுவையும் நடத்திவந்தாள். ஒரு மதியம் முத்திருளன் என்ற புதியவர் அதில் கேட்டார்: "ஒரு தடவ இடி விழுந்த மரத்துல மறுபடி விழாதுங்கிறாகளே, நெசமா?"

மூடநம்பிக்கையை நைசாக நுழைக்க வந்த ஆள் என்று ஒருவர் எழுதினார். வம்பு இழுக்கவே வந்திருக்கிறார் என்றார் இன்னொருவர். அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருந்த மங்கையர்க்கரசிக்கும் அதே எண்ணம்தான். "சந்தேகமிருந்தால் மழை வரும்போது அந்த மரத்தடியில் நின்று பாருங்களேன்" என்று பதில் போட்டாள். சிரிப்புக் குறிகள் வந்து குவிந்தன.

முத்திருளன் கோபப்படவில்லை. "மழ தூத்த ஆரம்பிச்சிருச்சு மேடம். மாடு அந்த வேம்புலதான் கட்டிக் கெடக்கு, போயித்தான் அவுக்கணும். போன வாரம் என் தம்பி அங்கனதான் செத்தான். இனிமே அதுல விழாதுன்னு ஊருல சொல்றாக. படிச்சவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுப் போவம்னுதான் கேட்டேன்."

அவள் தன் பதிலை அழித்தாள். "போகாதீங்கய்யா. அதே மரத்துல மறுபடியும் விழலாம். வீட்டுக்குள்ளயே இருங்க" என்று அவசரமாக எழுதினாள்.

பதில் உடனே வந்தது.

"சரிங்க மேடம், நான் போகல. மாடு கத்துது. சினை மாடு. அத என்ன பண்ணட்டும்?"

மங்கையர்க்கரசி எதையோ எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அவளுடைய ஊரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.