மாட்டுக்கண் முட்டை

எண்ணெய் எடுக்கும் செம்பனையின் மட்டை முகத்தில் விழுந்த நாளிலிருந்து, தோட்டத்தில் குலை வெட்டும் பைரானுக்கு இடது கண்ணில் எல்லாமே இரண்டாகத் தெரிந்தன. இல்லாத குலையைக் குறிபார்த்து அரிவாளை வீசுவான். அடி காற்றில் போகும்.

இடம் நழுவிய கண்வில்லையை எடுத்துவிட்டு, டாக்டர் செயற்கை வில்லை பொருத்தினார். "எதுவும் ரெண்டா தெரிஞ்சா உடனே வந்துடணும்" என்று சொல்லி அனுப்பினார்.

கங்காணி வேறு மிரட்டியிருந்தான். "கண்ணு சரியாகலேன்னா பொம்பளைங்களோட போய் மரத்தடியில உதிரிப்பழம் பொறுக்கு."

கட்டு அவிழ்த்த அன்று, மனைவி துகினெம் புகையடுப்போடு போராடி, மஞ்சள் கரு உடையாமல் மாட்டுக்கண் முட்டை பொரித்து, சோற்றின் மேல் வைத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பைரான் நல்ல கண்ணைப் பொத்திக்கொண்டு தட்டைப் பார்த்தான்.

"ஏண்டி, எத்தனை முட்டை உடைச்சே?"

"இருந்ததே ஒண்ணுதான். ஏன், ஐயாவுக்குப் பத்தலையா?"

"போச்சுடி! மாடு ரெண்டு கண்ணாலயும் என்னை முறைக்குது! நாளைக்கு நான் பழம் பொறுக்கத்தான் போகணும்!"

துகினெம் புகையில் எரிந்த கண்களைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். தட்டின் மேல் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, எனக்கும் ரெண்டுதான் தெரியுது."

"ஐயையோ, உனக்குமா?"

"ஆமா. கெளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம். அப்படியே நம்ம கோழியையும் தூக்கிக்குங்க. ஒரே முட்டையில ரெட்டைக் கரு வச்சவ அவதானே!"